பல்லி விழுந்த பலன்

புதுவயல் அரிசி ஆலையில் ராத்திரி இரண்டு நாற்பதுக்கு
கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள்
ஒரு பல்லி விழுந்தது.
எந்தப் பக்கம் விழுந்தது, என்ன பலன் என்று
பஞ்சாங்கம் புரட்ட அங்கே ஆளில்லை.
கார்மேகம் கீழே ஊறல் தொட்டியில் கைவிட்டு
நெல்லின் சூடு பார்த்துக்கொண்டிருந்தான்.
திரை கறுத்தது.
ஆலை ஓடியது.

போன வருஷம் வரைக்கும் ஒரே பெட்டி,
மொத்த மூளையும் அதற்குள்.
பெட்டி தும்மினால்
எலிவேட்டர் வாளிகள் பாதி நெல்லோடு நடுவானில் நிற்கும்.
டிரையருக்குள் இருபது டன் புழுங்கிப் புளிக்கும்.
காரைக்குடியிலிருந்து சோலையப்பன்
கட்டிய லுங்கியோடு காரில் வருவார்.

நான்தான் அந்த மூளையைப் பதினோரு துண்டாக்கினேன்.
மோட்டாருக்கு ஒரு டிரைவ்,
டிரைவுக்கு அதற்கு வேண்டிய அறிவு மட்டும்:
உன் பாரம் எவ்வளவு, உன் சூடு எவ்வளவு,
முன்னால் இருப்பவன் தருவது எவ்வளவு,
பின்னால் இருப்பவன் தாங்குவது எவ்வளவு.
ஆலை என்றால் என்னவென்று
அவற்றில் எதற்கும் தெரியாது.

பேசிக்கொள்ள இரண்டு இழைக் கம்பி.
அதன் கடைசி முனையில் நூற்றிருபது ஓம் தடை ஒன்று,
சுண்டுவிரல் நகத்தளவு.
அது இல்லாவிட்டால் சொன்ன சொல்
முனையில் முட்டித் திரும்பி வந்து
அடுத்த சொல்லின் மேல் ஏறிவிடும்.
எங்கள் வீட்டில் அதை எங்கே மாட்டுவதென்று
இன்னும் பிடிபடவில்லை.

உமி நீக்கும் இரட்டை உருளைக்குத்தான் நாலு நாள் பிடித்தது.
இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால்
நெல் நெல்லாகவே கீழே விழும்.
ஒன்று முந்த வேண்டும், மற்றது பிந்த வேண்டும்,
அந்த வித்தியாசத்தில் உமி கழலும்.
கொஞ்சம் கூடினால் நொய்.
ரப்பர் தேயத் தேய
வேகத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.
எவ்வளவு தேய்ந்தது என்று யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

மூன்று மணிக்கு மழை.
தேவகோட்டை லாரியில் ஈர மூட்டைகள்.
திபாகரும் சுசாந்தாவும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு
கொட்டினார்கள், கொட்டினார்கள்.
மூன்றாம் எண் எலிவேட்டருக்கு மூச்சு வாங்கியது:
நாற்பத்திரண்டு ஹெர்ட்ஸிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கியது.
இரண்டாம் எண் சல்லடை ஆட்டத்தைக் குறைத்தது.
டிரையர் விசிறி கொஞ்சம் கூடுதலாய் ஊதியது.
எட்டாம் எண் நாலு நிமிஷம்
யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஏன் என்று தெரியாது.
ஏழும் ஒன்பதும்
அதன் கடைசி வார்த்தையை வைத்துக்கொண்டே சமாளித்தன.

ஐந்தரைக்குப் போனுக்குச் சார்ஜ் போடப் போனபோதுதான்
கார்மேகம் கறுத்த திரையைப் பார்த்தான்.
கோட்டையூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தேன்,
நனைந்த துப்பட்டாவோடு.

“தலையில்லாம மூணு மணி நேரம் ஓடிருக்கு.
யாரு சொல்லி வேகத்தக் கொறச்சுச்சு?”
“மூணாம் நம்பர் ரெண்டாம் நம்பர்ட்ட சொல்லிருக்குண்ணே.”
“ரெண்டாம் நம்பருக்கு யாரு சம்பளம் குடுக்குறா?”
சோலையப்பன் ஒரு பிடி அரிசியை அள்ளி
நாலைந்து மணியைக் கடித்துப் பார்த்தார்.
மீதியைக் கொட்டிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

பல்லியை எடுத்துப் போட்டேன்.
புது சப்ளை மாட்டிக் கம்ப்யூட்டரை எழுப்பினேன்.
எழுந்ததும் அது கேட்டது
விட்டுப்போன மூன்று மணி நேரத்தை.
பதினொன்றும் கொடுத்தன, தன் தன் கணக்கில்.
மூன்றாம் எண்ணில் பாரம் ஏறியது மூன்று ஒன்பதுக்கு.
இரண்டாம் எண் குறைந்தது மூன்று எட்டுக்கு.
கடிகாரப்படி பார்த்தால்
சொல்வதற்கு முன்பே கேட்டிருக்கிறது.
எட்டாம் எண்ணில் ஈர நெல் வந்ததற்கே தடயம் இல்லை.

பதினோரு கடிகாரம், பதினோரு ராத்திரி.
எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு இழுத்து நிறுத்த
ஒரு பொத்தான் இருக்கிறது.
கார்மேகம் வாசலில் நிற்கிறான்,
டீக்கடை திறந்துவிட்டது என்கிறான்.
குடித்துவிட்டு வந்து அழுத்தலாம்.