கடைசி மல்யுத்தம்

நாலாவது நெட்வொர்க் அது.
மற்ற மூன்றுக்கும் ஊருக்கு ஊர் கோபுரம்.
எங்களுக்கு டொலீடோவில், ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல்
ஏறி நின்ற கம்பி.

எங்கள் சேனலைப் பிடிக்கத்
தனியாய் ஒரு பெட்டி வாங்க வேண்டும், பதினெட்டு டாலர்.
யார் வாங்குவார்?
சலவைக்கடை ப்ரோனெக் வாங்கினார்.
வியாழன்தோறும் போன் செய்வார்:
"பனி கொட்டுது, இர்மா."
"ஆன்டெனாவை ஏரிப்பக்கம் திருப்புங்க."

சோப்பு விளம்பரம் போயிற்று.
நகைச்சுவைக்காரர் எதிர்க் கட்டடத்துக்கே போனார்,
அதே தொப்பியோடு.
மிச்சம் மல்யுத்தம்.
அதிலும் கடைசி வாரம் ஒருத்தன்தான் வந்தான்.
காமிராவை அசையாமல் நிறுத்திவிட்டு
ஹார்லன் சட்டையைக் கழற்றினான்.
தோற்கத் தெரியாமல்
ஜெயித்துத் தொலைத்தான்.

பதினொன்று பத்துக்குப் பொத்தானை அமுக்கினேன்.

படச்சுருள்களைப் பிற்பாடு எடைக்குப் போட்டார்கள்.
கழுவினால் வெள்ளி கிடைக்குமாம்.
ஹார்லனின் வியர்வை இப்போது
யார் வீட்டுக் கரண்டியோ.

அன்றிரவு, நான் கோட்டு மாட்டும்போது, போன்.
"இர்மா, இப்போ வெறும் பனிதான்."

சொல்லியிருக்கலாம்.

"இன்னும் கொஞ்சம்
ஏரிப்பக்கம்" என்றேன்.