ஹப்புத்தளையிலிருந்து தெரிந்த கோடு

கந்தப்பொளையில் ஏற்றிய லீக்ஸ் பதினாறு மூட்டை,
கோவா ஒன்பது, கரட் கொஞ்சம்.
அம்பாந்தோட்டை ஞாயிற்றுச் சந்தைக்கு
விடியமுன் இறக்கியிருக்க வேண்டும்.
சவரிமுத்து எழும்பவில்லை.
முதல்நாள் நத்தார்.
கதவை நான் உதைத்த உதையில்
பக்கத்துக் காம்பராவில் குழந்தை அழுதது.

வழிநெடுக ஏசினேன்.
வெலிமடை வரை அவனை,
பொரலந்த வரை அவன் குடியை.
ஹப்புத்தளையில் ஃபேன் பெல்ட் அறுந்ததும்
அதையும் அவன் கணக்கிலேயே எழுதினேன்.
பொயா வேறு. பார்ட்ஸ் கடை பூட்டு.
பழைய டியூபை வார்ந்தெடுத்து
அவன் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க,
நான் விளிம்புச் சுவரில் பிளேன்டீ குடித்தேன்.

கழுவிவிட்ட வானம்.
தெற்கே, காடுகளுக்கும் குளங்களுக்கும் அப்பால்
தேய்த்த தகரத்தின் ஓரம்போல ஒரு கோடு.
கடல்.
பார்த்தேன். ஒன்பதைத் தாண்டிய நேரம்.
ஒரு சுருக்கம் இல்லை அதில்.

அந்தக் கோட்டுக்குள்தான்
அது அப்போது வந்துகொண்டிருந்தது.
முழங்கால் உயரம், அவ்வளவே.
தலை கொழும்பில் என்றால் வால் பதுளையில்,
அப்படியொரு நீளம்.
விமானத்தின் வேகம்.
அது அடியால் கடந்த படகுகளில்
சோற்றுச் சட்டிகூடச் சரியவில்லையாம்.
வலை இழுத்தவர்கள் வலை இழுத்தார்கள்,
திரும்பி வந்து
கரையைத் தேடினார்கள்.

இதை யாரும் எனக்குப் படம் வரைந்து காட்டவில்லை.
பெரகலைக்குக் கீழே ஓட்டினால் தெரியும்.
நேர்ப்பாதையில் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே
எவ்வளவோ வெளி கிடக்கும்.
வளைவில் முதல் பஸ் வேகம் குறைக்கும்.
பின்னால் வருகிறவனுக்கு அது தெரியாது.
அவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கு
இன்னும் தெரியாது.
கடைசியில் எல்லாம் ஒரே வளைவில்
பம்பரோடு பம்பர்.
தண்ணீருக்கு அந்த வளைவு, மேடேறும் கடல்தரை.
ஆழம் வற்ற வற்றத் தலை நடை தளர,
வால் பழைய வேகத்திலேயே வந்து முதுகில் ஏற,
இடம் போதாத நீளம்
உயரமாயிற்று.

முதலில் உள்வாங்கியதாமே.
அதையும் நான் அறிவேன்:
பாரத்தோடு ஏத்தத்தில் கியர் மாற்றும்போது
லொறி ஒரு முழம் பின்னுக்கு உருளும்.
ஏறப்போகிறது என்று அர்த்தம்.
பிள்ளைகளுக்கு யார் சொல்வது?
வெறும் மணலில் மீன் துள்ளிற்றாம்.
பொறுக்க ஓடினார்களாம்.

நாங்கள் மேலிருந்து விழுவதற்குப் பயந்து பழகியவர்கள்.
ஐப்பசி மழையில்
லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டுக்கு
ஒரு காதைக் கொடுத்துவிட்டுத்தான் தூங்குவோம்.
கீழிருந்து ஒன்று ஏறிவருமென்று
எங்கள் பயத்தில் இடமே விட்டிருக்கவில்லை.

தணமல்விலவில் மறித்தார்கள்.
எதிரே வந்த வண்டிகளில்
ஆட்கள் நனைந்திருந்தார்கள், வெயிலில்.
ஒருவர் ஒற்றைச் செருப்போடு நின்று
தண்ணீர் கேட்டார்.
கேட்டுவிட்டு, கொடுத்த போத்தலைக்
குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.
ஏற்ற இடம் வேண்டியிருந்தது.
சவரிதான் முதல் மூட்டையைத் தள்ளினான்.
பாதையோரம் பச்சையாய்ச் சரிந்தது லீக்ஸ்.

துவான் கமால்தீன்,
எங்கள் கோவாவைத் தட்டிப் பார்த்து விலை குறைப்பவர்,
தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு
அந்த ஒன்பது மணிக்கு
அவரும் எங்களை ஏசியிருப்பார்.

சவரி இப்போது கட்டாரில்.
ஏசியதை நான் திருப்பி எடுக்கவில்லை.
எப்படி எடுப்பது?
அவன் குடிக்கு நன்றி சொன்னால்
கமால்தீனுக்கு என்ன சொல்வது?

ஹப்புத்தளையில் இன்றும் பிளேன்டீக்கு நிறுத்துகிறேன்.
கோடு அங்கேயே இருக்கிறது.
சும்மா கிடக்கிறதா, வந்துகொண்டிருக்கிறதா,
இங்கிருந்து சொல்ல முடியாது.
பெல்ட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு
கியரைக் குறைத்து
இறங்குகிறேன்.