ஒன்பதாம் குறி

மாதத்தில் ஒருநாள்
பார் வீதியிலிருந்து மூன்றாவது ஒழுங்கைக்குள்
சைக்கிளைக் கிறுக்குவேன்.
மாநகரசபை புதுப் பலகை நட்டிருக்கிறது.
பெயரில் ஒரு கொம்பு குறைகிறது.
ஒருவரும் போய்ச் சொல்லவில்லை.

முன்பக்கத்தால் எனக்கு ஆட்களைத் தெரியாது,
மீட்டர் இருக்கிற பக்கத்தால் தெரியும்.
காயப்போட்ட பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை,
கோழிக்கூடு, வெறும் காஸ் சிலிண்டர்,
அதற்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி.
பெட்டிக்குள் அவர்களுடைய மாதம்.

இன்பராசா வீடு நாற்பத்தெட்டு.
போன மாதம் நூற்றிப்பத்து.
"மூத்தவன் கட்டாருக்குப் போயிற்றானா?" என்றேன்.
"உனக்கு ஆரு சொன்ன?" என்றா தாய்.
விடிய விடிய அவன் கேம் விளையாடியது
அறுபத்திரண்டு யூனிட்.
அதை அவவிடம் சொல்லவில்லை.

டெஸ்மண்ட் அங்கிள் வெல்டிங் பட்டறையை
மூன்று அறையாக்கி ஏசி பூட்டிவிட்டார்.
வெள்ளைக்காரர் வந்தால் நானூறு,
வராவிட்டால் அறுபது.
வந்த மாதத்துப் பில்லை
வெல்டிங் கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேணும் என்பார்.

மா ஆலை இருந்த இடத்தில் டியூசன்.
மூன்று பேஸ் இணைப்பை இன்னும் கழற்றவில்லை.
மிளகாய் அரைத்த மோட்டாரின் கரண்டில்
எட்டு மின்விசிறி சுற்ற
இருநூறு பிள்ளைகள் இரசாயனவியல் படிக்கிறார்கள்.
கடைசி வாங்கில் இருப்பவர்கள்
இப்பவும் தும்முகிறார்களாம்.

ரத்னேஸ்வரி ரீச்சர் கூரையில் சூரியத் தகடு போட்டபிறகு
சபைதான் அவவுக்குக் காசு கொடுக்க வேணும்.
முந்தி எனக்கு முழுக்கோப்பை தேத்தண்ணி.
இப்போது கடன்காரனுக்கு ஊற்றுவதுபோல் அரைக்கோப்பை.

பதினேழின் கீழ் இரண்டு
ஒன்பது வருடமாகப் பூட்டின வீடு.
ஒன்பது வருடமும் பூச்சியம்.
லண்டனிலிருந்து நிலையான கட்டணம் மட்டும்
தவறாமல் வந்து சேரும்.
மீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பல்லி இருந்தது.
மே மாதம் பல்லியைக் காணவில்லை.
பத்தொன்பது.
ஜூனில் இருபத்துநாலு.

சுற்றிப் பார்த்தேன்.
பூட்டில் துரு துருவாகவே இருந்தது.
காற்றில் விழுந்த முருங்கை
விழுந்தபடியே தழைத்திருந்தது.
மதிலில் பதித்த பிசுங்கான்களுக்கு நடுவால்
ஒரு சாம்பல் வயர்
அடுத்த வளவுக்குள் இறங்கியது.

தவமலருடைய வளவு.
மூன்று சிவப்புப் பில்.
ஏப்ரலில் கரண்டை வெட்டியது வேறு ஆட்கள்.
வெட்டுவதற்குப் பட்டியல் எழுதியது நான்.

அவ கடப்படியில் நின்றா,
முழங்கைவரைக்கும் இடியப்ப மா.
உள்ளே ஒரு பிள்ளை
ஏழாம் வாய்ப்பாட்டைப் பிழையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.
நான் வயரைப் பார்த்தேன்.
அவ என்னைப் பார்த்தா.
நாய் மட்டும் குரைத்தது.
"மறுகா?" என்றா.

கையிலிருக்கிற மெசினில்
இலக்கம் அடிக்க ஒரு கட்டம் இருக்கிறது.
காரணத்துக்குக் குறிகள் இருக்கின்றன.
கதவு பூட்டு என்றால் இரண்டு.
நாய் என்றால் நான்கு.
களவு, ஒன்பது.
ஒன்பதுக்கு மேல் விரல் கொஞ்சநேரம் நின்றது.
வேர்வை ஒரு சொட்டு திரையில் விழுந்தது,
அதைத் துடைத்தேன்.
இருபத்துநாலு என்று அடித்தேன்.
நான்காம் குறியையும் போட்டேன்.
நாய் நின்றது உண்மைதானே.

வருகிற வருடம் புது மீட்டராம்.
தானே கந்தோருடன் கதைக்குமாம்.
ஆள் போகத் தேவையில்லை,
எங்களுக்கு மேசை தருவார்களாம்.
அதற்கு நாய் தெரியுமா என்று கேட்டேன்.
எஞ்சினியர் சிரித்தார்.

லண்டனிலிருந்து காசு வந்திருந்தது,
இருபத்துநாலுக்கும் சேர்த்து,
ஒரு கேள்வியும் இல்லாமல்.
தெரிந்து கட்டினார்களா, தெரியாமலா?
அதை வாசிக்க எனக்குத் தெரியாது.

ஜூலையில் போனேன்.
வயருக்கு மேலே வெள்ளைக் குழாய் பூட்டி,
பிசுங்கான் வெட்டாமல், மாரிக்கு நனையாமல்,
முழத்துக்கு ஒரு கிளிப் அடித்திருந்தது.
நல்ல வேலை.
இருபத்தேழு.