அட்டை எண் 4117

வில்னியஸ் ஆவணக் காப்பகம், மூன்றாம் மாடி.
நாடாவில் கேட்பதைத் தட்டச்சு செய்து
அட்டையின் தலையில்
ஏதாவதொரு கட்டத்தில் குறியிடுவது என் வேலை.

பாஸகா என்றால் நடக்காதது.
மூன்றாம் இளவரசன், பேசும் நரி.
பொய்யென்று எல்லோருக்கும் தெரியும்,
அதனால் யாருக்கும் கோபம் வராது.
ஸக்மே என்றால் சொல்கிறவன் நம்புவது.
கொட்டிலில் பால் குடித்துப் போன பாம்பு,
அடுத்த வீட்டுக்காரி கண்ட சதுப்புநில வெளிச்சம்.
பாதாவிமஸ் கைமாறி வந்தது;
பெயருக்குள்ளேயே ஒரு கை நீண்டிருக்கிறது.
இந்தக் குன்று எப்படி வந்தது,
அந்தப் பாறையில் யாருடைய குதிகால் என்று
இடத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கும் கதை.

முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றே: சொல்லுதல்.
ஒரு வயிற்றில் பிறந்து
ஒன்று பொய்யென்றும் ஒன்று மெய்யென்றும்
பேரெடுத்துவிட்டன.

நான்காவது கட்டம் ‘பிற’.
அதில் குறியிட்டால் மேலாளர் கூப்பிட்டுக் கேட்பார்.

ஐம்பத்தொன்பது, அக்டோபர்.
வரேனா காட்டுப் பக்கமிருந்து
வைதோதாஸ் கொண்டுவந்த நாடா.
குரல்: பல்த்ரமேயுஸ், மரம் அறுக்கும் ஆலை,
இடக்கையில் மூன்று விரல் (இது வைதோதாஸின் குறிப்பு).

‘ஏரி முதலில் மேகமாகத்தான் வந்தது.
இறங்க இடமில்லாமல்
பைன் மரங்களுக்கு மேலே உறுமிக்கொண்டு நின்றது.
யாராவது பெயர் சொன்னால்தான் விழும்.
ஒருத்தி தன் பன்றியைக் கூப்பிட்டாள்.
ஏரிக்கும் அதே பெயர். விழுந்தது.’

என் பென்சில் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது.

‘விழும்போது கீழே ஒருவன் நின்றிருந்தான்.
நீல மேல்சட்டை.
மூன்று குளிர்காலம் காட்டிலேயே இருந்தவன்.
ரொட்டி கொண்டுபோனது நான்.’

இருமல்.

‘தண்ணீருக்கடியில் இன்னும் நடக்கிறான்.
மார்ச்சில் பனிக்கட்டி வெடிக்கிறதே,
அது அவன் காலடி.’

அவன் பெயர் என்ன என்கிறார் வைதோதாஸ்.
வெறும் நாடா ஓடுகிறது.
வெகுநேரம் ஓடுகிறது.
‘பெயர் ஏரிக்குத்தான். அவனுக்கு எதற்கு?’

காட்டில் மூன்று குளிர்காலம் என்றால்
அந்த நாளில் ஒரே அர்த்தம்.
எனக்குத் தெரியும். மேலாளருக்குத் தெரியும்.
மாதம் ஒருமுறை சாம்பல்நிறக் கோட்டில் வந்து
அட்டைகளைப் புரட்டிப் போகிறவருக்கு
எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

ரொட்டி கொண்டுபோனது நரி
என்று அடித்தேன்.

முதல் கட்டத்தில் குறியிட்டேன்.
நாடாவை அழித்து
அதன்மேல் அறுவடைப் பாட்டொன்றைப் பதிந்தேன்.
நன்றாகத்தான் பாடியிருந்தார்கள் அந்தப் பெண்கள்.

சாம்பல்நிறக் கோட்டுக்காரர்
அட்டையை எடுத்தார், படித்தார்.
‘பாஸகாவா’ என்று சிரித்து
வைத்துவிட்டார்.

பொய் என்ற கூரை ஒழுகவில்லை.

இன்று அது குழந்தைகளுக்கான படப்புத்தகம்.
அட்டையில் நீலச் சட்டைக்காரன்,
பக்கத்தில் வாயில் ரொட்டியோடு நரி.
ரொட்டி சுமக்கும் நரி மிகத் தொன்மையான படிமம்,
விவசாயத்துக்கும் முந்தியது
என்று ஓர் ஆய்வாளர் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்.
மறுத்து எழுத உட்கார்ந்தேன், இரண்டு தடவை.
பல்த்ரமேயுஸ் எப்போதோ போய்விட்டார்.
நரி இருக்கிறது.

நேற்று டிராலிபஸ்ஸில் என் முன் இருக்கையில்
இரண்டு பொடியன்கள் அந்தப் புத்தகத்தோடு.
இவனுக்கு ஏன் பெயரே இல்லை என்றான் சின்னவன்.
நாமே வைக்கலாம் என்றான் மற்றவன்.
தோமாஸ், என்றார்கள். மிண்டவ்காஸ்.
வகுப்பில் இருக்கும் அத்தனை பெயரையும்
ஒவ்வொன்றாகக் கத்தினார்கள்.
கடைசியில் நாய்களின் பெயர்கள்.

நான் இறங்கும் நிறுத்தம் தாண்டிவிட்டது.
கண்ணாடியில் முகம் ஒட்ட
மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன்.