எட்டு

எடை போட்டுத்தான் கொடுப்பார் சாகுல்.
காரைக்குடி பழைய இரும்புக் கடையில்
பதினொரு ஹெட், ஒரே சாக்கில்,
ஆர்எக்ஸ் வண்டிகளின் மண்டைகள்.

பிளக்கைத் திருகினேன்.
மரை செத்த நாலும் அங்கேயே போயின.
ஸ்பேனரால் தட்டினால் இரண்டு
ஓட்டைப் பானையாய்ச் செருமின.
ஒன்றின் விளிம்பெல்லாம் அம்மைத் தழும்பு:
எஞ்சின் கதறக் கதற
யாரோ முறுக்கியிருக்கிறான்.

மீதி நாலு.

ஆத்தங்குடிக்காரர் டைல் வார்க்கும் கண்ணாடி,
மூலை உடைந்தது, என்னிடம் ஒன்று உண்டு.
அதைவிடச் சமமான தரை
இந்தச் சீமையில் கிடையாது.
நானூறு நம்பர் தாளை ஒட்டி,
மண்ணெண்ணெய் தெளித்து
எட்டுப் போட்டேன்,
லைசென்ஸ் எடுக்கையில்
இரண்டு தரம் கால் ஊன்றிய அதே எட்டு.

மூன்று ஓரத்தில் மட்டும் வெளுத்தன.
நாலாவது முழுசாக, நாலே சுற்றில்.

மாட்டாஸ்பத்திரி ஊசியால் எண்ணெய் விட்டுக்
குழியை அளந்தேன்.
அரை சிசி குறைந்தது.
எனக்கு முன்னால் ஒரு கை
இதைக் கடைந்திருக்கிறது,
பொறாமைப்படும்படி.

ஸ்டாக் கிளாஸில் செல்லாது.
பாலிடெக்னிக் சிகப்பி மேடம்
பியூரெட்டோடு உட்கார்ந்திருப்பார்.

கோணல் குறைந்த ஒன்றை எடுத்து
விடியும்வரை எட்டு.
குழி சரியாக நின்றது.

ஞாயிறு, பழைய விமான ஓடுதளம்.
அடைக்கலராஜ் முன்சக்கர அளவில் தோற்றான்.
ஜெயித்த வண்டி திரும்பி வருகிறது,
சத்தம் கொஞ்சம் கூர்மை.
காதுக்குத் தெரியும், அதே கை.

மேடம் பியூரெட்டை நிமிர்த்துகிறார்.
நான் அந்த மெக்கானிக்கின்
விரல்களைப் பார்க்கிறேன்.