விலகிய காரணம்

ஆரம்பாக்கம் தாண்டி, எல்லைக்கு இப்பால்
கடைசி ஷெட் எங்களுடையது.
என் மேசையில் போனை இரண்டு முழம் நகர்த்தினால்
ஆந்திரா வரவேற்கிறது என்று மெசேஜ் வரும்.

சென்னையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்,
பொய்யைக் கண்டுபிடிக்க.
மூக்கைத் தொட்டால், கண்ணைத் தவிர்த்தால்,
நாற்காலியில் நெளிந்தால்.
மதியம் பிரியாணி. சான்றிதழில் என் இனிஷியல் தப்பு.

இங்கே வருகிறவர்கள் எல்லோருமே நெளிகிறார்கள்.
அது நாற்காலி.

பெஞ்சலய்யா நெளியவில்லை.
சூலூர்பேட்டையிலிருந்து விடிகாலை ரயிலில் வந்தவர்
சட்டையைப் போலவே பதிலையும்
தேய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்.
நாலு வருஷம் பவர் பிரஸ்.
மார்ச் பதினாலு, வியாழக்கிழமை, நானாகவே விலகினேன்.
வீட்டுச் சூழ்நிலை, மேடம்.

நிஜத்துக்கு யாரும் இவ்வளவு கஞ்சி போடுவதில்லை.
நிஜம் சொல்கிறவன் பாதியில் நின்று
இல்லல்ல, அது புதன்கிழமை,
அன்னிக்குத்தான் மழை என்பான்.

கடைசிச் சம்பளம் கேட்டேன்.
தெலுங்கில் முணுமுணுத்துக் கூட்டினார்,
பிடித்தம் போக, அட்வான்ஸ் போக.
தமிழில் வெளியே வரும்போது இரண்டாயிரம் ஏறியிருந்தது.
பரவாயில்லை, எல்லோரும் ஏற்றுவதுதான்.
அம்மா வழியில் எனக்கும் தெலுங்கு வரும் என்பதை
நானும் சொல்லவில்லை.

வலது கையால் தண்ணீர் குடித்தார்.
வலது கையால் சான்றிதழ்களைப் புரட்டினார்.
ஃபேன் காற்றில் தாள்கள் எழும்பியபோது
முழங்கையால் அமுக்கினார்.
இடது கை மேசைக்கு மேலே வரவேயில்லை.

வேறு ஏதாவது கேட்கணுமா என்றேன், சம்பிரதாயத்துக்கு.
யாரும் கேட்பதில்லை.

இங்க பிரஸ்ல சென்சார் வேலை செய்யுதா மேடம்?

செய்யுது என்றேன், அவர் முடிக்கும் முன்னாலேயே.
மாசம் ரெண்டு சர்வீஸ்.
போன செவ்வாய்க்கிழமைகூட ஆள் வந்து பார்த்தாங்க.

செவ்வாய்.
அதை யார் என்னிடம் கேட்டார்கள்?

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
திறந்து மூடித் திறந்துகொண்டிருந்த
என் பேனா மூடியைப் பார்த்தார்.
எந்தப் பயிற்சிக்கும் போகாதவர்.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில், சென்சார் கண்ணின் மேல்
ஆயுத பூஜையிலிருந்து கறுப்பு டேப்.
நின்று நின்று ஓடினால் டார்கெட் வராது என்று
கோதண்டபாணி சார் ஒட்டச் சொன்னது.
அந்த மீட்டிங்குக்கு மினிட்ஸ் எழுதியது நான்.
டேப் என்ற வார்த்தை அதில் இல்லை.

சரிங்க மேடம் என்றார்.
எப்ப ஜாயின் பண்ணணும்?

விலகிய காரணம் என்ற கட்டத்தில்
அவர் எழுதியிருந்ததை அப்படியே விட்டேன்.
கையெழுத்துப் போடும்போது
ஃபேன் மறுபடி தாளைத் தூக்கியது.
இந்த முறை இடது கையை எடுத்து
தாளின் மேல் விரித்து வைத்தார்.

கட்டைவிரல். சுண்டுவிரல்.
நடுவில், மற்ற மூன்றும் மறைத்திருக்க வேண்டிய இடத்தில்
எங்கள் கம்பெனியின் பெயரை
ஓர் எழுத்து விடாமல் படிக்க முடிந்தது.

ஸீலை எங்கே குத்துவது என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.