விவரம்

சார்ஜா, ரோலா. மதியம் இரண்டரை.
கடைகள் பாதி ஷட்டரை இறக்கிக் கண்ணயரும் நேரம்.
டைப்பிங் சென்டரில் நானும்
ஏசியிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரும்.

விசா மாற்றம், வாடகை ஒப்பந்தம், தொலைந்த பாஸ்போர்ட்,
எல்லாவற்றுக்கும் என்னிடம் நகல் இருக்கிறது.
பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்,
அரபியில் அச்சாகி வந்துவிடும் ஒரு வாழ்க்கை.

அவள் கேட்டதற்கு நகல் இல்லை.

சுகிர்தா. மார்த்தாண்டம் பக்கம்.
சூப்பர் மார்க்கெட்டின் குளிர் அறையில்
மணிக்கொரு தரம் டிகிரி குறிக்கும் வேலை.
"சொல்லு தங்கச்சி" என்றேன்.
"பேர் சொல்லியே கூப்பிடுங்க சார்.
அவனும் தங்கச்சின்னுதான் ஆரம்பிச்சான்."

'கருணை கூர்ந்து' என்று தொடங்கினேன்.
இருபது வருடமாக அப்படித்தான் தொடங்குகிறேன்.
என்ன அடிச்சீங்க என்றாள். வாசித்தேன்.
"கருணை வேண்டாம். தேதியைப் போடுங்க."

'தவறாக நடந்துகொண்டார்' என்று அடித்தேன்.
மரியாதையான சொல். எந்த மேசையிலும் செல்லும்.
"நடக்கல சார். கை வச்சான்.
வலது கை. மோதிரம் போட்ட கை.
தயிர் ராக்குக்கும் கதவுக்கும் நடுவுல."
குரல் நடுங்கவில்லை.
பைக்குள் துழாவிய விரல்கள் நடுங்கின.

எடுத்து வைத்தாள், டிகிரித் தாளின் கார்பன் நகல்கள்.
நான்கு. மூன்று. நான்கு. மூன்று.
சில எண்களின் ஓரம் ஒரு புள்ளி,
பேனா கைதவறிப் பட்டதுபோல.
"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு புள்ளி வச்சேன்.
எனக்கு மறக்கக் கூடாதுன்னும்."
எண்ணினேன். பதினேழு.

"முதல்ல கேஷ் கவுன்டர்லதான் இருந்தேன்.
அவன் மெசேஜுக்கு முடியாதுன்னு பதில் போட்டேன்.
அந்த வாரமே குளிர் அறை.
எனக்குப் பின்னால சேர்ந்த பையனுக்கு
முந்நூறு திர்ஹாம் கூட.
அதையும் எழுதுங்க."
அது வேற விஷயமாச்சே என்றேன்.
"ஒரே கைதான் சார், ரெண்டுலயும்."

அரபியில் அதற்கொரு சொல் உண்டு.
தெரியும். ஒருநாளும் அடித்ததில்லை.
கண் ஏனோ ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனது.
மூன்று வருடம் முன்பு அங்கே நின்று வேலை பார்த்தவள் நளாயினி.
கடைசி மாதச் சம்பளம் வாங்காமலே போனாள்.
"ஊருக்குப் போயிட்டா" என்றார் முதலாளி.
விட்டுப்போன டிபன் பாக்ஸைக் கழுவி
ஒரு மாதம் எடுத்து வைத்திருந்தேன்.
ஏன் போனாள் என்று மட்டும்
யாரிடமும் கேட்கவில்லை.

சொல்லை அடித்தேன்.

பதினேழு தேதிகள். நேரம். டிகிரி.
தமிழில் சொல்லிக் காட்டினேன், வரி வரியாக.
ஒன்பதாம் தேதியில் கண்ணை மூடிக்கொண்டாள்.
நிறுத்தட்டுமா என்றேன்.
"எதையும் விட்டுடாதீங்க."

நாற்பது திர்ஹாம். வேண்டாம் என்றேன்.
மேசையில் வைத்தாள்.
"ரசீது."

விவரம் என்ற கட்டத்தில்
வழக்கமாகப் 'பொது' என்று எழுதுவேன்.
பேனா அங்கேயே நின்றது.
ரசீதுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி
அவளே எழுதினாள்,
அழுத்தி,
அடித்தாளிலும் விழும்படி.